மூன்றாக மடித்த சங்கிலி

அந்த றோட்டில் இருந்த நாற்பத்தொரு வாசற்படலையில் நாற்பது படலைக்காரர் ஒப்பம் வைத்துவிட்டார்கள். மிச்சம் ஒன்று. அதுவும் மீனாம்பிகை வீட்டுக்கு நேர் எதிர்ப்படலை. கிட்டத்தில் இருக்கிற அலுவல்தானே, கடைசியாகப் பார்க்கலாம் என்று விட்டது எவ்வளவு பிழை என்று அவளுக்கு இப்போது விளங்கியது. கொப்பியும் பேனையுமாக அரை மணித்தியாலமாக நிற்கிறாள். தங்கமுத்து முற்றத்துச் சாக்கில் காய்கிற வெங்காயத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். தலை நிமிரவில்லை.

"அக்கா, ஒரு ஒப்பந்தானே."

"ஒரு ஒப்பமெண்டால் நீயே என்ரை பேரை எழுதி வையன். உனக்கு எழுத்தும் வடிவு."

"பகிடி விடாதையுங்கோ. ஆருக்காகக் கேக்கிறன்? சிவசுப்பிரமணியம் மாஸ்ரருக்காக. உங்கடை கிணத்துத் தண்ணியைத்தானே அந்த மனிசன் வருசா வருசம் வந்து குடிச்சவர்."

"அதாலைதான் மாட்டன் எண்டிறன்."

சிவசுப்பிரமணியம் மாஸ்ரர் போன ஆவணியில் காலமானவர். முப்பத்திரண்டு வருடம் தொழினுட்பக் கல்லூரியில் நில அளவையும் றோட்டுப் போடுகிற வித்தையும் படிப்பித்தவர். அவரிடம் படித்த பிள்ளைகள் அரபு நாட்டு மணலிலும் ஆபிரிக்கக் காட்டிலும் றோட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் எல்லாரும் முதன்முதலில் சங்கிலி பிடித்து அளந்தது புத்தூரின் இந்த ஒரு மைல் றோட்டைத்தான். ஒவ்வொரு மாசி மாதமும் அந்த வருடத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். ஒரே றோட்டு, ஒரே அளவு.

"என்ன மாஸ்ரர், போன வருசம் அளந்த றோட்டு இந்த வருசம் வளந்து போட்டுதோ?" என்று சனம் பகிடி பண்ணும்.

"வளரேல்லை. மெலிஞ்சு போச்சு" என்பார் அவர். சனம் அதையும் பகிடி என்று எண்ணிச் சிரிக்கும்.

பெரிய றோட்டில் குண்டு விழுந்த குழிகள் கூடிய பிறகு, வாகனமெல்லாம் இந்த றோட்டால் போய்வரத் தொடங்கியிருந்தது. தை பிறந்த கையோடு சண்டையை நிறுத்திவிட்டோம் என்று இரண்டு பக்கமும் அறிவித்தபோது, சனத்துக்கு இவ்வளவு காலமும் ஒத்திப்போட்ட காரியங்கள் எல்லாம் ஒருமிக்க நினைவு வந்தன. அதில் ஒன்று, இந்த றோட்டுக்கு மாஸ்ரரின் பெயரை வைப்பது. ஒரு கமிட்டி கூடியது. ஓய்வுபெற்ற போஸ்ற்மாஸ்ரர் மார்க்கண்டு தலைவர். றோட்டு இலாகாக் கந்தோரில் படம் கீறுகிற மீனாம்பிகை செயலாளர். மாஸ்ரரின் அறுபத்தைந்தாம் ஆண்டு வகுப்பில் இருந்த ஒரேயொரு பெண் அவள்.

எல்லாப் படலையும் ஒப்பம் வைக்க வேண்டும் என்ற சட்டத்தைக் கொண்டுவந்தவளும் அவள்தான். காரணம் இல்லாமல் இல்லை. பக்கத்து ஒழுங்கைக்கு ஒருவர் பெயரில் பலகை நட்டு, விருப்பமில்லாதவர்கள் மூன்று தரம் பிடுங்கி, கடைசியில் அது யாரோ வீட்டு ஆட்டுக்கொட்டிலுக்குக் கதவாகிவிட்டது. தான் போட்ட சட்டம் தன்னையே இப்படி வெயிலில் நிறுத்தும் என்று அவள் நினைக்கவில்லை.

தங்கமுத்து கடைசியில் நிமிர்ந்தாள். "எழுபத்துமூண்டாம் ஆண்டு மாசியிலை, நீ இப்ப நிக்கிற இடத்திலைதான் வந்து நிண்டவர். 'அக்கா, உங்கடை வேலி மூண்டரை அடி றோட்டுக்குள்ளை நிக்குது. எல்லாற்றை வேலியும் நிக்குது. ஒராள் முதல் பின்னுக்குப் போனால் மற்றாக்களும் போவினம்' எண்டார். நான் போனன். வேலியைப் பிடுங்கி மூண்டரை அடி பின்னுக்கு வைச்சன். மற்றாக்கள்?"

மீனாம்பிகை கொப்பியை மூடினாள்.

"ஊர் எனக்கு வைச்ச பட்டம் தெரியுமே?"

தெரியும். 'பூமிதானம்.' சந்தைக்குப் போகிற வழியில், 'பூமிதானம் போறா, எழும்பி நில்லுங்கோ' என்று கிழவர்களும் நக்கலடித்த காலம் இருந்தது.

"அவர் வருசா வருசம் வருவார். தண்ணி வாங்கிக் குடிப்பார். றோட்டை இந்த முனையிலை இருந்து அந்தத் தொங்கல்மட்டும் பாப்பார். 'இந்த வருசமும் இல்லை அக்கா' எண்டுவார். பேந்து என்ரை வேலிக் கதியாலிலை இருந்துதான் அளக்கத் துவங்குவார். முழு றோட்டிலும் அது ஒண்டுதான் சரியான இடத்திலை நிக்குதாம். அந்த மனிசன்ரை பேரை இந்த றோட்டிலை வெட்டி நிப்பாட்டினால் அது மரியாதையோ, நக்கலோ? நீ படிச்சனி, சொல்லு பாப்பம்."

"அக்கா, அது பழங்கதை…"

"பழங்கதையோ? உன்ரை வேலி எங்கை நிக்குது, மீனா?"

மீனாம்பிகை திரும்பித் தன் வீட்டு வேலியைப் பார்த்தாள். பார்க்காமலும் இருந்திருக்கலாம். "அண்ணை ஓலைக்குச் சொல்லியிருக்கிறார். பேர் வைக்கிற விழாவுக்கு முதல் வேலி அடைக்கப் போறார்" என்றாள், கேட்டதற்குத் தொடர்பில்லாமல்.

"அடைக்கட்டும், அடைக்கட்டும்" என்று தங்கமுத்து மறுபடி வெங்காயத்துக்குக் குனிந்துவிட்டாள். "விழாவெல்லோ!"

அடுத்த நாள் மருதனார்மடத்துக்குச் சைக்கிள் மிதித்தாள் மீனாம்பிகை. மாஸ்ரரின் மனைவி பராசக்தி வீட்டுச் சாமானைக் கட்டிக்கொண்டிருந்தாள். ரொறன்ரோவில் இருக்கிற மகன் கூப்பிட்டுவிட்டான். பங்குனி இருபதாந் திகதி கிளாலித் துறையில் வள்ளம் ஏறி, கொழும்பு போய், அங்கிருந்து பறப்பு. திரும்பி வருகிற யோசனை இல்லை.

"வா மீனா, வா. இருக்கிறதுக்குக் கதிரை இல்லை. எல்லாம் குடுத்தாச்சு. அந்தப் பெட்டியிலை இரு. எல்லாரும் ஒப்பம் வைச்சிட்டினமோ?"

"ஓம் மாமி… கிட்டத்தட்ட."

"கல்லைக் கண்ணாலை கண்டுபோட்டுத்தான் நான் வள்ளத்திலை கால் வைப்பன். மகனுக்கும் எழுதிப்போட்டன்." அவள் கட்டிலுக்குக் கீழே குனிந்து ஒரு சாக்கை இழுத்தாள். உள்ளே இரும்பு கலகலத்தது. மாஸ்ரரின் அளவுச் சங்கிலி. அறுபத்தாறு அடி நீளம், இடைக்கிடை பித்தளைத் தகடு தொங்கும். "இந்தா, இது உனக்கு. இதைக் காவிக்கொண்டுபோய் அங்கை என்ன, ஸ்னோவை அளக்கிறதே?"

மீனாம்பிகை சாக்கை மடியில் வாங்கிக்கொண்டாள். பாரமாக இருந்தது.

"வருசத்திலை ஒரு நாள் மனிசன் வாய் திறக்காது" என்றாள் பராசக்தி, ஒரு சேலையை மடித்தபடி. "மாசியிலை, புத்தூராலை வந்த அண்டைக்கு. இந்தச் சங்கிலியை மூண்டாய் மடிச்சு விறாந்தையிலை இருந்து நடுஅறைமட்டும் நீட்டிப் போடுவார். 'இவ்வளவும் இருக்க வேணும் பராசக்தி, இருபத்திரண்டு அடி. இரண்டு வண்டில் ஒண்டுக்கொண்டு வழிவிட்டுப் போக வேணும்' எண்டுவார். நான் என்ன சொல்லுறது? கையைக் கழுவிப்போட்டு வாங்கோ, சோறு ஆறுது எண்டுவன்."

திரும்பி வருகையில் சைக்கிள் கரியரில் சங்கிலி வழி நெடுகக் கலகலத்துக்கொண்டு வந்தது. பராசக்தியிடம் ஒரு சொல் தங்கமுத்துவைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. சொன்னால், 'உன்ரை வேலி எங்கை நிக்குது?' என்று அவளும் கேட்டிருப்பாள்.

அந்தக் கிழமை முழுக்க றோட்டில் பச்சை ஓலை வாசம். விழாவுக்கு றோட்டு வடிவாக இருக்க வேண்டும், எல்லாரும் நேரத்தோடு வேலி அடையுங்கோ என்று மார்க்கண்டு படலை படலையாகச் சொல்லிவிட்டிருந்தார். சனமும் ஒரு மனதாக இறங்கிவிட்டது. வேலி அடைக்கிறதென்றால் வெறுமனே ஓலை கட்டுவதில்லை. வேலியைத் தாங்குகிற உயிர்த்தடிகளில், செத்துப்போன கதியாலுக்குப் பதிலாகப் புதுக்கதியால் நட வேண்டும். புதியதை நடுகிற இடம் எப்போதும் செத்ததற்கு ஒரு சாண் வெளியே, றோட்டுப் பக்கம்தான். உள்ளே நட்டால் காணி போய்விடுமே! இதை யாரும் களவென்று எண்ணுவதில்லை. தகப்பன் நட்ட மாதிரி மகன் நடுகிறான், அவ்வளவுதான். இப்படியாக, றோட்டின் அகலத்துக்காக வாழ்நாள் முழுதும் வாய் நொந்த மனிதருக்கு மரியாதை செய்யவென்று, நாற்பது வீட்டுக்காரரும் அந்த றோட்டை இன்னும் ஒரு சாண் ஒடுக்கிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை கல் வந்தது. ஷெல் விழுந்து இடிந்த ஒரு கடையின் வாசற்படி. நல்ல கருங்கல், ஓராள் மார்பளவு உயரம். கோயிலில் கல் பொளிகிற ஒருவர் 'சிவசுப்பிரமணியம் வீதி' என்று வெட்டிக் கொடுத்திருந்தார். சிமியோனின் உழவு இயந்திரப் பெட்டியில் கல்லைக் கிடத்தி, பக்கத்தில் மார்க்கண்டு மாப்பிள்ளை போல உட்கார்ந்து வந்தார்.

மீனாம்பிகை வீட்டு முடக்கில் திரும்பினால், எதிரே ஒரு மாட்டு வண்டில். இரண்டு பக்கமும் பிதுங்க ஓலை. மேலே மீனாம்பிகையின் தமையன் நடராசா, கதியால் நட்டு முடித்துக் கட்டுவதற்கு ஓலை ஏற்றிக்கொண்டு.

"பின்னுக்கு எடும் நடராசா!" என்றார் மார்க்கண்டு.

"மாடு பின்னுக்குப் போகாது போஸ்ற்மாஸ்ரர். நீங்கள் மெசினை எடுங்கோ."

"எடுக்கலாம்" என்றான் சிமியோன் மெசினை நிற்பாட்டாமல். "பெட்டியிலை அரைத் தொன் கல்லு. பின்னுக்கு எடுத்தால் முடக்கிலை ஆரின்ரையோ புதுவேலிக்குள்ளைதான் போய் இருக்கும். ஆரின்ரை வேலி எண்டு சொல்லுங்கோ, எடுக்கிறன்."

மார்க்கண்டு இரண்டு பக்கத்துப் புதுவேலியையும் மாறி மாறிப் பார்த்தார்.

அதற்குள் இரண்டு பக்கமும் சைக்கிள்கள் குவிந்துவிட்டன. மணி அடிக்கிறவர் அடிக்க, "என்ரை மீன் நாறப் போகுதப்பா!" என்று பின்னால் ஒருவர் கத்த, "நாறினால் நாறட்டும், மெசினுக்கு ஊத்தின மண்ணெண்ணையை ஆர் தாறது?" என்று சிமியோன் கத்த, மாடு இரண்டும் சாவகாசமாக மார்க்கண்டுவின் மச்சான் நேற்று அடைத்த வேலி ஓலையை இழுத்துச் சப்பத் தொடங்கின.

தங்கமுத்து தன் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். இடுப்பில் கை வைத்துக் கல்லைப் பார்த்தாள்.

"வாங்கோ மாஸ்ரர்" என்றாள் கல்லிடம். "கல்லாய் வந்தும் போக இடமில்லையோ?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மீனாம்பிகைக்கு முகம் சுட்டது. அவள் விறுவிறென்று உள்ளே போய்ச் சாக்கோடு வந்தாள். சங்கிலியை உதறிக் கொட்டினாள். மூன்றாக மடித்தாள். ஒரு தலைப்பைத் தங்கமுத்துவின் கதியாலடியில் வைத்து, "பிடியுங்கோ அக்கா" என்றாள். மற்றத் தலைப்பை இழுத்துக்கொண்டு, உழவு இயந்திரத்துக்கும் மாட்டுக்கும் இடையால் புகுந்து, தன் வீட்டு வேலியடிக்கு வந்தாள்.

சங்கிலி முடியவில்லை. வேலியில் முட்டி, இன்னும் ஆறடி அவள் காலடியில் சுருண்டு கிடந்தது.

சத்தம் மெல்ல அடங்கியது. அந்த ஆறடியை எல்லாரும் பார்த்தார்கள். எதிரே தங்கமுத்துவின் வேலி சரியான இடத்தில் நின்றது. ஆகவே அந்த ஆறடியும், முழுக்க முழுக்க, படலை படலையாக ஒப்பம் வாங்கித் திரிந்த செயலாளர் அம்மாவின் வேலி தின்றது.

"என்னடி செய்யிறாய்?" என்றார் நடராசா வண்டிலில் இருந்து.

"அளக்கிறன் அண்ணை."

ஓலையெல்லாம் இறக்கி, மாட்டை அவிழ்த்து, வெறும் வண்டிலை நாலு பேர் சரித்துப் பிடித்து அப்பால் எடுக்க ஒரு மணித்தியாலம் சென்றது. சிமியோனுக்கு அதற்குமேல் பொறுமை இல்லை. "இதுக்கங்காலை நான் வரமாட்டன்" என்று மீனாம்பிகை வீட்டு முடக்கிலேயே கல்லை உருட்டி இறக்கிவிட்டுப் போய்விட்டான். மேலே வேலிக்குள் இருந்து கறுத்தக்கொழும்பான் மாமரம் நிழல் விட்டுக்கொண்டு நின்றது.

மத்தியானம் நடராசா சோற்றில் கை வைக்கவில்லை.

"ஊருக்கு முன்னாலை என்னைக் களவன் ஆக்கிப்போட்டாய்."

"உங்களை இல்லை, எங்களை. அறுபத்தைஞ்சிலை நானும் சங்கிலி பிடிச்சு இதே வேலியடியிலை நிண்டனான். அப்பவே மூண்டடி வெளியிலை. மாஸ்ரர் என்னைப் பாத்தார். ஒண்டும் சொல்லேல்லை. நானும் ஐயாவுக்குச் சொல்லேல்லை."

"ஐயா வைச்ச வேலி அது."

"மிச்ச மூண்டடி?"

"ஒவ்வொரு முறையும் ஒரு சாண்தானே…" என்று தொடங்கியவர், தன் வாயால் வந்ததைத் தானே கேட்டு நிறுத்திக்கொண்டார். பிறகு, "அப்ப மரம்?" என்றார்.

அதுதான் கேள்வி. மாமரம் அந்த ஆறடிக்குள் நின்றது. எழுபத்தோராம் ஆண்டு, நடராசா கலியாணம் செய்து குணலட்சுமியைக் கூட்டிவந்த மாதம், அப்போதைய வேலிக்கு வெளியே நட்ட கன்று. ஆடு கடியாமல் இருக்க அடுத்த முறை வேலியை அதைச் சுற்றி அடைத்தார். குணலட்சுமி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். அவள் காலமாகி ஒன்பது வருடம். மரம் வருடம் தவறாமல் காய்க்கிறது.

"மரம் நிக்கட்டும் அண்ணை. ஓரத்திலைதானே நிக்குது, வண்டிலுக்கு இடைஞ்சல் இல்லை. வேலி மட்டும் மரத்துக்குப் பின்னாலை போகட்டும்."

"மரம் றோட்டிலை, நான் வேலிக்குள்ளையோ? மாம்பழம் ஆருக்கு?"

"விழுந்த பக்கத்துக்கு."

"பூமிதானத்துக்குப் பக்கத்திலை மாம்பழத்தானமோ! நல்ல குடும்பம்." அவர் எழும்பிக் கை கழுவினார். "வீடும் வளவும் உன்ரை பேரிலை. சீதனமாய் எழுதினது. செய்யிறதைச் செய். நான் கை வைக்கன்."

"பராசக்தி மாமி இருபதாந் திகதி போறா. கல்லைப் பாத்துப்போட்டுத்தான் போவன் எண்டு சொல்லிப்போட்டா. பொய்யான றோட்டிலை நிப்பாட்டி அந்த மனிசிக்கு நான் எப்பிடிக் காட்டுறது?"

நடராசா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டப் பக்கம் போய்விட்டார்.

ஞாயிறு விடியவே மீனாம்பிகை இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு வேலியடிக்குப் போனாள். முப்பது வருடம் மேசையில் இருந்து படம் கீறிய கை. முதல் கதியாலைச் சுற்றிக் குத்தினாள், ஆட்டினாள், இழுத்தாள். அது அசையவில்லை. இரண்டாம் தரம் குத்தியபோது பட்டை உரிந்தது. எதிர்ப்படலையில் தங்கமுத்து பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தைக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். ஒருவரும் பகிடி விடவில்லை. அதுவே பெரிய காரியம்.

மூன்றாவது கதியாலில் நடராசாவுக்குப் பொறுக்க முடியவில்லை.

"உப்பிடியே பிடுங்கிறது? வேர் அறுந்தால் திரும்ப நட்டு ஆர் பிழைக்க வைக்கிறது? தள்ளு அங்காலை!" அலவாங்கைப் பறித்தார். "ஐயாவின்ரை பேரைக் கெடுக்க எண்டு ஒரு பொம்பிளைப்பிள்ளை!"

பின்னேரத்துக்குள் வேலி ஆறடி பின்னால் போய்விட்டது. கதியால் ஒன்றும் சாகவில்லை. நடராசா நட்டால் சாகாது. புதுவேலிக்கு வெளியே, றோட்டோரத்தில், மாமரம் வழி தெரியாமல் சந்தையில் நிற்கிற ஆள் மாதிரித் தனியே நின்றது.

தங்கமுத்து றோட்டைக் கடந்து வந்தாள். தானே குனிந்து சங்கிலியை மூன்றாக மடித்தாள். இருபத்திரண்டு வருடம் பார்த்துப் பழகின கை. தன் கதியாலில் இருந்து மீனாம்பிகையின் கதியால்வரை. பொருந்தியது.

"கொண்டா கொப்பியை" என்றாள். பிறகு பேனையைத் திறக்காமல் நின்றாள். "முதல் ஒண்டு எழுது. சங்கிலி பொருந்துற இடமட்டும்தான் மாஸ்ரற்றை பேர். மற்ற இடத்துக்கு இல்லை. எழுதினியோ? சரி, இப்ப தா."

அன்று மாலையே கமிட்டி மாமரத்தடியில் கூடியது. மார்க்கண்டு குதித்தார்.

"ஒரு மைல் றோட்டுக்கெண்டு கல்லு வெட்டினம்! இப்ப நாப்பது யார், நூற்றிருபது அடித் துண்டுக்கோ பேர்? சனம் சிரிக்கும்."

"சனம் சிரிச்சு எனக்குப் பழக்கம்" என்றாள் தங்கமுத்து.

"அப்ப என்ரை படலை?"

"அது இன்னும் பேரில்லாத றோட்டு, மார்க்கண்டண்ணை" என்றாள் மீனாம்பிகை.

மார்க்கண்டு தலையில் கை வைத்துவிட்டார். "ஐயோ! லண்டனிலை மகனுக்கும் மருமகளுக்கும் புது விலாசம் எழுதிப் போட்டனே! சம்பந்தி வீட்டுக்கும் எழுதிப் போட்டன்! போஸ்ற்மாஸ்ரராய் இருந்தவன் பிழையான விலாசம் குடுத்தான் எண்டு வரப் போகுது."

"யோசியாதையுங்கோ" என்றார் நடராசா. முதல்நாள் பட்ட அவமானத்துக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்த குரல். "உங்கடை காயிதமெல்லாம் எங்கடை படலைக்கு வரும். நான் வாசிச்சுப்போட்டுக் கொண்டந்து தாறன்."

எல்லாரும் சிரித்தார்கள். மார்க்கண்டு சிரிக்கவில்லை. தன் வீடு எங்கே இருக்கிறது என்று பார்ப்பவர் போல றோட்டு நீளம் பார்த்தார்.

"சரி, கல்லை எங்கை, எப்பிடி நிப்பாட்டுறது? சீமெந்தும் இல்லை" என்றார் கடைசியில். அது அவருடைய பழைய கவலை. தடை போட்ட பிறகு குடாநாட்டுக்குச் சீமெந்து வராமல் ஐந்து வருடமாகிறது.

"சீமெந்து இல்லாதது நல்லதாய்ப் போச்சு" என்றாள் தங்கமுத்து. "சல்லிக்கல்லைப் போட்டு இறுக்கி நிப்பாட்டுங்கோ. வேலி இவ்வளவு காலமும் நடந்ததுதானே? இனிக் கல்லு நடக்கட்டும்."

விழா பங்குனி முதல் ஞாயிறு. பராசக்தி வெள்ளைச் சேலையோடு வந்து, மாமரத்தடிக் கல்லில் இருந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். மீனாம்பிகை எதையும் ஒளிக்கவில்லை. நாற்பது யார் நீளந்தான் மாமி, மிச்சம் இன்னும் இல்லை என்று முழுக்கதையையும் சொன்னாள். தன் வேலி தின்ற ஆறடியையும் சொன்னாள்.

பராசக்தி சங்கிலியைக் கேட்டாள். மூன்றாக மடித்து விரித்துக் காட்டினார்கள். அவள் ஒரு வேலியில் இருந்து மறுவேலிக்கு, அதன் பக்கத்தால் மெல்ல நடந்து போனாள்.

"விறாந்தையிலை இருந்து நடுஅறைமட்டும்" என்றாள் நின்று. "சரியாய் அவ்வளவு. மீனா, அவர் இருந்திருந்தால் இண்டைக்கு வீட்டை வந்து வாய் திறந்து கதைச்சிருப்பார். சோறும் கேட்டிருப்பார்."

பேச்சுக்கள் நடந்தன, வடையும் தேத்தண்ணியும் பரிமாறினார்கள். ஆனால் உண்மையான காரியம் அடுத்த நாள்தான் தொடங்கியது. திங்கட்கிழமை காலை, மார்க்கண்டுவுக்கும் கல்லுக்கும் இடையில் இருந்த நமசிவாயத்தின் படலையில் மார்க்கண்டுவே போய் நின்றார். "தம்பி, நீ பின்னுக்குப் போகாட்டில் என்ரை படலைக்குப் பேர் வராது. நான் நாலு அடி போறன். நீ மூண்டு அடி போ." நமசிவாயம், எதிர்வீட்டுக்காரர் போனால் தானும் போகிறேன் என்றார். எதிர்வீட்டுக்காரரோ, "நாளைக்குப் பாப்பம்" என்றார். அந்த நாளை வர நாலு நாள் சென்றது, ஆனாலும் வந்தது. வீட்டுக்கு வீடு மீனாம்பிகை சங்கிலியோடு போனாள். சிலர் ஏசினார்கள். ஒருவர் படலையைச் சாத்தினார். அவரின் பெண்சாதி பின்வளவால் வந்து, "அவர் தோட்டத்துக்குப் போன பிறகு வாருங்கோ" என்றாள்.

இருபதாந் திகதி காலை பராசக்தி ஏறிய வான் புத்தூரால் வந்தது. தென்மராட்சிப் பக்கமாய்ப் போய்க் கிளாலியைப் பிடிக்க வேண்டும். முடக்கில் மாமரம் தெரிந்தது. அடியில் கல்லைக் காணவில்லை.

"நிப்பாட்டு, நிப்பாட்டு! கல்லு எங்கை? பிடுங்கிப்போட்டாங்களோ?" பராசக்தி பதறி இறங்கினாள்.

மாமரத்தடியில் தங்கமுத்து ஒரு செம்புத் தண்ணீரோடு நின்றாள். மடியில் நாலு மாங்காய். "ஒருத்தரும் பிடுங்கேல்லை அம்மா. நடந்து போட்டுது. அங்கை பாருங்கோ."

தூரத்தில், பதினொரு படலை தள்ளி, மார்க்கண்டுவின் புதுவேலியடியில் நாலைந்து பேர் அலவாங்கு போட்டுக் கல்லை நெம்பிக்கொண்டிருந்தார்கள். பனங்குற்றிகளின் மேல் உருட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மீனாம்பிகை சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு, "இஞ்சாலை, இஞ்சாலை, ஒரு விரற்கடை!" என்று கத்துவது கேட்டது. மார்க்கண்டு வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்.

தங்கமுத்து செம்பை நீட்டினாள். "அவர் குடிக்கிற தண்ணி. குடியுங்கோ. குடிச்சுப்போட்டு ஒவ்வொரு முறையும் 'இந்த வருசமும் இல்லை' எண்டுபோட்டுப் போவார். நீங்கள் எண்டாலும் வேறை மாதிரிச் சொல்லிப்போட்டுப் போங்கோ."

பராசக்தி அண்ணாந்து குடித்தாள். வாயைத் துடைத்தாள். றோட்டை அந்தத் தொங்கல்வரை பார்த்தாள். பதினொரு படலைக்கு அங்கால் வேலிகள் இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டுதான் நின்றன.

"இந்த வருசம் கொஞ்சம்" என்றாள். "அடுத்த வருசம் மிச்சம். எனக்கு எழுதிப் போடுங்கோ. விலாசம் மீனாவிட்டை இருக்கு."

"உந்தப் போஸ்ற்மாஸ்ரரைக் கொண்டு எழுதுவிக்கிறன்."

வான் புறப்பட்டது. அதே நேரம் எதிரே முடக்கால் ஒரு வண்டில் திரும்பியது. நமசிவாயத்தின் வேலிக்கு ஓலை. இரண்டு பக்கமும் பிதுங்கப் பிதுங்க. மேலே நடராசா. வானைக் கண்டதும், இத்தனை வருடப் பழக்கத்தில், கயிற்றை இழுத்துப் பிடித்து, "நில், நில்" என்றார்.

இரண்டுக்கும் இடம் இருந்தது. மாடுகள் நிற்கவில்லை. வானும் நிற்கவில்லை.